மஜீது பாயின் பெட்டி

டென்னிஸுக்கு மஜீது பாய் மேல் நாலு மாதமாக வருத்தம்.

ராயபுரத்தில் தனியாக இருக்கிற மனுஷன் டென்னிஸ். மனைவி தவறிய பிறகு இரும்புக் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, பழைய குதிரைப்படைகளின் தொப்பி பேட்ஜுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். அசல் இல்லை, மீரட்டில் வார்த்து விற்கிற நகல்கள். அதே கிறுக்கு எம்.கே.பி. நகர் மஜீது பாய்க்கும் இருந்தது. ஆறு வருஷமாக வாட்ஸ்அப்பில்தான் பேச்சு. பாய் எதையும் ரெண்டாக வரவழைத்து, ஒன்றை இவருக்குக் கூரியரில் அனுப்புவார். ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

கடைசியாக வந்தது மண்டையோடு பொறித்த ஈட்டிப்படை பேட்ஜ். "பல்லெல்லாம் மழுங்கிக் கெடக்கு பாய். நகல்லயும் மட்டமான நகல்" என்று எழுதினார் டென்னிஸ். பதில் இல்லை. மறுவாரம் 'சலாம் பாய்' என்று அனுப்பியதற்கும் இல்லை. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்று இவரும் விட்டுவிட்டார்.

ஜூலைக் கடைசியில் பாயின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண்குரல்.

"டென்னிஸ் அண்ணாவா? நான் சைமா, அவரு சம்சாரம். அவரு மார்ச் ஒம்பதாந்தேதி காலையில தவறிட்டாரு. இந்த போன இன்னிக்குத்தான் சார்ஜ் போட்டேன். உங்க மெசேஜு கீது."

மார்ச் ஒன்பது சாயங்காலம்தான் டென்னிஸ் அந்தப் பல் விஷயத்தை எழுதியிருந்தார்.

மறுநாள் போனார். ரெண்டாவது மாடியில் ஒற்றை அறை வீடு. சைமா ஒரு டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு பேட்ஜும் பஞ்சுக்குள் இருந்தது. பாய் தனக்கென்று வைத்துக்கொண்ட மண்டையோட்டு பேட்ஜிலும் பல் மழுங்கித்தான் இருந்தது.

"இதுல அசலு எது?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நகல்தான்."

"அப்ப இன்னாத்துக்கு உக்காந்து தொடச்சிகினே இருப்பாரு?"

டென்னிஸ் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்: இது எந்தப் படை, ஈட்டி ஏன் குறுக்கே நிற்கிறது, குதிரை எந்தப் பக்கம் ஓடுகிறது. சைமா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதெல்லாம் அவரு எங்கிட்ட சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. உங்களாண்டதான் பேசுவாரு. நீங்க ஒரு தபா வந்திருக்கலாம்ணா."

ரெண்டு ரம்ஜானுக்கு பாய் நோம்புக் கஞ்சிக்குக் கூப்பிட்டிருந்தார். ரெண்டு தடவையும் இவர் கைகூப்புகிற படத்தை அனுப்பியதோடு சரி. பேட்ஜுகளைத் திரும்பப் பஞ்சுக்குள் வைத்தார்.

"எடுத்துகினு போங்க" என்றாள்.

"எல்லாமே எங்கிட்ட இருக்கும்மா. இதோட ஜோடிதான்."

"அப்ப வேற யாருக்குனா குடுக்கலாமா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரு கீறாங்க, சொல்லுங்க."

டென்னிஸ் யோசித்தார். அவள் டீ போட்டுக் கொண்டுவரும் வரை யோசித்தார். டீயைக் குடித்து முடித்தும் ஒரு பெயர் வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.