வலப்பக்கத்து ரொட்டி

வளைகுடாவில், ருவைஸில், கணவனின் விசாவில் இருக்கும் பெண்ணுக்கு, கணவன் போனால் நாடும் போய்விடும். ஜெயபாரதியின் கணவன் கல்யாணசுந்தரம் ஆலையில் டூட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் வேலையும் விசாவும் கொடுத்தால் அவளும் மகள் அருணாவும் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் விமானம்தான். அதற்கான மாதிரி வகுப்பு இன்றைக்கு.

ஸ்டாஃப் ரூமில், கணக்கு டீச்சரான காயல்பட்டினத்து ஷிரின் கேட்டாள்.

"அக்கா, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்னு நினைக்கிறேன்."

"நல்ல நினைப்பு. என்ன பாடம் குடுத்திருக்காங்க?"

"இங்கிலாந்துல தானிய வரிய ஒழிச்ச கதை. கார்ட்டூன் வெச்சு நடத்தணும்."

"நம்ம பிரின்சிபாலையே நிக்க வெச்சு நடத்திடுங்க. அவர விடவா ஒரு கார்ட்டூன்?"

ஜெயபாரதிக்குச் சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

பிரின்சிபால் தாமஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவள் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினாள். வெளிநாட்டுக் கோதுமைக்கு வரி போட்டார்கள், அதனால் உள்ளூர் நிலக்காரர்களின் கோதுமை நல்ல விலைக்குப் போனது, ரொட்டி விலை ஏறியது என்று சொன்னாள். பிறகு கார்ட்டூன் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாள். அதில் யாரும் தனி மனிதர் இல்லை. தொந்தி என்றால் நிலக்காரர், கிழிந்த கோட்டு என்றால் கூலிக்காரர். ரொட்டியின் அளவுதான் வாதம். படத்தில் இடப்பக்கம் சின்ன ரொட்டி, வலப்பக்கம் பெரிய ரொட்டி. எது வரி இருந்தபோது, எது எடுத்த பிறகு என்று கீழே இருந்த எழுத்துகளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தாள்.

"வரிய எடுத்ததும் என்ன ஆச்சு?"

சிரியாக்காரப் பெண் ஹனான் கையைத் தூக்கினாள். "ரொட்டி சின்னதாயிடுச்சு மிஸ்."

பாதி வகுப்பு தலையாட்டியது. அரபி படித்து வளர்ந்த கண்கள் வலமிருந்து புறப்பட்டிருந்தன. அவர்களுக்குப் பெரிய ரொட்டிதான் முதலில். படம் தலைகீழாகிவிட்டது. பின்னால் தாமஸின் பேனா அசைந்தது.

பழைய ஜெயபாரதி இதற்குத் துள்ளியிருப்பாள். இன்றைக்கு, குழாய் சொட்டுவதைக் கவனிப்பதுபோலக் கவனித்தாள்.

"அப்படிச் சொன்னவங்க அப்பவே இருந்தாங்க. ரொட்டி விலை குறைஞ்சா முதலாளி கூலியையும் குறைப்பான், கடைசியில கைக்கு வர்றது சின்ன ரொட்டிதான்னு தொழிலாளிங்களே சிலபேர் பயந்தாங்க. வரைஞ்சவர் சொல்ல வந்தது அது இல்ல. அவர் நாம இடமிருந்து வருவோம்னு நம்பி வரைஞ்சார்." காகிதத்தைக் கிழித்தாள். "இப்ப ரெண்டு பக்கமிருந்தும் படிச்சுட்டு, யார் சொல்றது சரின்னு சொல்லுங்க."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பக்கத்து வீட்டு டிவியைக் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மணி அடித்ததும் தாமஸ் வந்தார். "கொள்ளாம் டீச்சர், நல்லா இருந்துச்சு. வேலை உங்களுக்குத்தான். விசாவும் ஸ்கூலே எடுக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா முதல்ல ஹஸ்பண்டோட விசா கேன்சல் ஆகணும். அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் புதுசு அடிப்பாங்க."

அரசாங்கத்தின் கணக்கில் கல்யாணசுந்தரம் இன்னும் ருவைஸில்தான் இருந்தான்.

"இன்னிக்கே விசா ஆபீஸுக்குப் போறேன் சார்."

வராண்டாவில் ஷிரின் ஓடிவந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"கெடைச்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்! பின்ன ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"இங்க டாக்ஸி எந்தப் பக்கம் நிக்கும்?"