ஹுவா ஹின்னுக்குத் தனி வண்டி

மனிதன் இந்த உலகத்தைக் கடந்து போவது காலால் அல்ல, வண்டியால் அல்ல, பெயரால்தான். நல்ல பெயருக்கு மலை வழிவிடும், கடல் ஒதுங்கி நிற்கும், அதிகாரிகள் எழுந்து நிற்பார்கள். லம்பாங் நகரத்துச் சோதிடர் இப்படித்தான் திருவாய் மலர்ந்தருளினார். அந்தப் பெயர் ஞாபகத்தில் இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

உவான் ஐயா ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர். உவான் என்றால் குண்டு. குழந்தையில் கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் வைத்த செல்லப் பெயர் அது; ஊரும் உறவும் அலுவலகமும் அதையே பிடித்துக்கொண்டன. அடையாள அட்டையில் இருந்த பெயர் புன்மா. புன்மா என்ற பெயரோடு உத்தியோகத்தில் சேர்ந்து, புன்மா என்ற பெயரோடு, சேர்ந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றார். குற்றம் பெயரில்தான் என்று சோதிடர் கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் வேறு எங்கோ கண்டிருக்கலாம்.

புதுப் பெயர் சாமானியமானதல்ல. செல்வம், மங்கலம், வரம், சோதி என்று நான்கு பெட்டிகளைக் கோத்து ரயில் மாதிரி ஓடியது: தனபத்தரவொரச்சோத். அரசு அலுவலகத்தில் அடையாள அட்டையை மாற்றினார். அலுவலகப் பெண் அதைத் தட்டச்சு செய்துவிட்டு விரலைச் சொடுக்கிக்கொண்டாள். மனைவி தாவ் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம் மூச்சு வாங்கியதும் பழையபடி உவானுக்கே திரும்பிவிட்டாள். ஐயாவுக்கே தேவைப்பட்டபோது சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. சோதிடர் கேட்டால் வருத்தப்படுவார்.

அவருடைய ஒரே மகள் முக், ஹுவா ஹின்னில் பள்ளி ஆசிரியை. அதே ஊர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்திருந்தாள். பையனின் அப்பா பிராயுன், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஆடிப் பௌர்ணமி விடுமுறையில் பெண் வீட்டார் கடற்கரைக்கு வந்து மூன்று நாள் தங்குவது, முதல் நாள் பொழுது சாய்வதற்குள் முறைப்படி பெண் கேட்பது என்று பேச்சு. அன்று தவறினால் பிக்குகளின் மழைக்காலத் தவம் தொடங்கிவிடும். அது முடியும்வரை நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். அதற்குள் பையன் கப்பல் வேலைக்குப் போய்விடுவான்; திரும்பி வர அடுத்த வருடம் ஆகும்.

"அப்பா, அவங்க அப்பா ரயில்வேக்காரர். லேட்டானா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார். நேரத்துக்கு வந்துடுங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று முக் தினமும் போனில் கெஞ்சினாள்.

பிராயுன் தானே விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். உவான் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை.

"துணை வட்டாட்சியரா இருந்தவன் சம்பந்தி வண்டியிலயா போய் இறங்கறது? ஹுவா ஹின் எனக்கு உள்ளங்கை மாதிரி. எத்தனை கருத்தரங்கு, எத்தனை மாநாடு! தனி வண்டி பதிவு பண்ணிக்கறேன்னு சொல்லிடு."

ஹுவா ஹின்னில் கருத்தரங்குகள் நடந்தது உண்மை. அதற்கெல்லாம் வட்டாட்சியர் போனார். துணை வட்டாட்சியர் லம்பாங்கில் இருந்து தொலைபேசியை எடுத்தார்.

பதிவும் அவரே செய்தார். பெயர் கேட்ட கட்டத்தில், அட்டையை மேசையில் நிறுத்தி வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து, புதுப் பெயரை ஒற்றை விரலால் குத்தினார். குத்தி முடிப்பதற்குள் போன் இரண்டு தரம் தூங்கிவிட்டது.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர்ப் பலகைக் காடு. சீன எழுத்து, ரஷ்ய எழுத்து, பூப்போட்ட பலகை, தேன்நிலவு இதயம் போட்ட பலகை. ஐயாவின் மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது.

"என்னங்க, அட்டையை எடுத்துப் பார்த்துக்குங்களேன்" என்றாள் தாவ்.

"நடு விமான நிலையத்துல நின்னுகிட்டு என் பேரை நானே அட்டையில பார்க்கணுமா? நாலு பேர் என்ன நெனைப்பாங்க?"

அப்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன், பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஒரு கையால் பிடிக்கிற நீளமில்லை. தனம் இருந்தது, வரம் இருந்தது, கடைசியில் சோதி இருந்தது. நடுவில் என்ன இருந்தால் என்ன? அவ்வளவு மங்கலத்தை வேறு எவன் சுமப்பான்? குடும்பப் பெயர் பலகையில் இல்லை. அதை யாரும் போடுவதுமில்லை.

இளைஞன் பலகையைத் தாழ்த்திக் கும்பிட்டான். "ஐயாதானே?"

"நான்தான்" என்றார் ஐயா, ஒரு மாவட்டத்தையே திறந்துவைக்கிற குரலில்.

இளைஞன் பெயர் செங். அவன் ஐயாவைப் பார்த்தான், தாவைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். ஐயாவின் வயிற்றையும் அதிகாரி மிடுக்கையும் பார்த்துவிட்டு, கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு பெட்டியை வாங்கினான்.

"கடற்கரை ஓட்டல்தானே ஐயா?"

"கடற்கரைதான்."

வண்டி அகலமான வண்டி. தோல் இருக்கை, குளிர்ந்த துண்டு, தண்ணீர்ப் புட்டி. ஐயா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? பேர் செய்யற வேலை."

பெயர் செய்த அடுத்த வேலை, போன் அடித்தது. தெரியாத எண். ஐயா ஒலிபெருக்கியைப் போட்டார். ஏமாற்றுக்காரர்களிடம் பேசும்போது சாட்சி வேண்டும் என்பது அவர் கொள்கை.

"வணக்கம் ஐயா. தனபத்தரவொரச்சோத் ஐயாங்களா? நான் வண்டி டிரைவர். வாசல்ல நிக்கறேன்."

ஐயா தாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "நீ எந்த வண்டிப்பா? என் வண்டி என்னைச் சுமந்துகிட்டு ஓடிட்டிருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த மோசடிக் கட்டடத்துல உக்காந்து பேசறே? அடுத்தது என் வங்கிக் கணக்கு கேப்பியா?"

"இல்லீங்க ஐயா, நான் நெசமாவே…"

"நெசமாவே திருடன். வை போனை!"

வைத்தது ஐயாதான். அந்த எண்ணைத் தடைப் பட்டியலில் போட்டுவிட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

தாவுக்கு மனசு ஒப்பவில்லை. "உங்க பேரைத் தங்கு தடையில்லாமச் சொன்னானே?"

"அடி அசடே, அதுதான் ஆதாரம்! கட்டின பொண்டாட்டி உனக்கே வராத பேர் அவனுக்கு எப்படி வரும்? அரசாங்கக் கணினியிலேருந்து திருடியிருக்கான்."

முன்னால் செங்கின் காது சிவந்தது. அவன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான், பிறகு கூட்டினான். பெரியவர் விஷயத்தில் தலையிடுவது மரியாதையில்லை.

தாவுக்கு இன்னொரு கவலை. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஹுவா ஹின் போகிறவர்கள் எல்லோரும் வழியில் பேட்சபுரியில் வண்டியை நிறுத்தி, முட்டையும் பனைவெல்லமும் சேர்த்துச் சுட்ட மோ கேங் இனிப்பைத் தட்டுத் தட்டாக வாங்கிப் போவார்கள் என்று லம்பாங்கில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். உப்பளங்கள் வரும், பனைமரம் வரும், பிறகு இனிப்புக் கடை வரும். தாவ் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தாள். உப்பளம் வரவில்லை. பனை வரவில்லை. சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகள் வந்தன, எண்ணெய்ச் சுத்திகரிப்புக் குழாய்கள் வந்தன.

"என்னங்க, உப்பளத்தையே காணோமே?"

"மழைக்காலம். உப்பு கரைஞ்சிருக்கும்."

"பனைமரமும் கரைஞ்சுடுச்சா?"

ஐயாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வழியில் பச்சைப் பலகைகள் வந்தபோதெல்லாம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், கண்ணாடியோ பின்பெட்டியில். செங்கைக் கேட்கலாம். கேட்டால், உள்ளங்கை மாதிரி தெரிந்த ஊருக்கு வழி கேட்கிறாரே என்று அவன் நினைப்பான். எனவே ஐயா, "குறுக்கு வழியில போறான். நாங்க கருத்தரங்குக்குப் போறப்பவும் இப்படித்தான்" என்றார்.

இளைப்பாறும் இடத்தில் வண்டி நின்றது. ஐயா கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, தாவ் செங்கிடம் மெல்லக் கேட்டாள்.

"தம்பி, மோ கேங் எங்கப்பா வாங்கறது?"

செங் குழம்பினான். இந்தச் சாலையில் மோ கேங் எதற்கு? ஒருவேளை அம்மாவுக்கு ஆசையாக இருக்கும். இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், "இங்க காவ் லாம் நல்லா இருக்கும்மா. நோங் மோன் சரக்கு. மூங்கிலை உரிச்சா மணக்கும்" என்றான்.

தாவ் மூங்கில் குழாய்ச் சோறு ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள். ஐயா திரும்பி வந்து பார்த்தார். நோங் மோன் கிழக்குக் கடற்கரை ஊர் என்பது லம்பாங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"நோங் மோன்காரங்க ஹுவா ஹின் வரைக்கும் கடை போட்டுட்டாங்க போலிருக்கு" என்றார், கொஞ்சம் ஈனஸ்வரத்தில்.

"மேற்குக் கரைக்கே வந்துட்டாங்களா?"

"வியாபாரின்னா அப்படித்தான். ஏறு வண்டியில."

வெயில் மங்கத் தொடங்கியபோது வண்டி ஓர் உயரமான ஓட்டல் வாசலில் நின்றது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல். தாவின் முகம் மலர்ந்தது. எப்படியோ கடல் வந்துவிட்டது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் இரண்டு அட்டைகளையும் வாங்கிக்கொண்டு கணினியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"ஐயா, பதிவுல இருக்கற பேரும் அட்டையில இருக்கற பேரும்…"

"ரெண்டும் ஒண்ணுதான்மா. நீளத்தைப் பாரு."

அந்த நேரத்தில் ஐயாவின் போன் அடித்தது. முக். முகம் தெரிகிற வீடியோ அழைப்பு. அவளுக்குப் பின்னால் நல்ல உடை உடுத்திய ஜனம் பாயில் உட்கார்ந்திருந்தது.

"அப்பா! எங்க இருக்கீங்க? எல்லாரும் உக்காந்தாச்சு. பொழுது சாயப் போகுதுப்பா."

"வந்தாச்சு, வந்தாச்சு. ஓட்டல்ல இறங்கிட்டோம். அப்பாவை யார்னு நெனச்சே? இதோ கடலைப் பாரு!"

ஐயா போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தார். அற்புதமான காட்சி. செக்கச் சிவந்த சூரியன், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கியது.

பிறகு திரையில் முக்கின் முகம் விலகி, ஒட்ட வெட்டிய நரைமுடியோடு ஒரு கண்டிப்பான முகம் வந்தது. பிராயுன்.

"சம்பந்தி, வணக்கம். அது சூரியன்தானே?"

"ஆமா சம்பந்தி. எவ்வளவு அழகா கடல்ல இறங்குது பாருங்க."

"எங்க ஊர்ல அது காலையில கடல்லேருந்து ஏறும். சாயங்காலம் மலைக்குப் பின்னாடிதான் இறங்கும். நாப்பது வருஷமா பிளாட்பாரத்துல நின்னு பாத்திருக்கேன். இன்னைக்கு மட்டும் மாத்திப் போகுதா?"

ஐயா சூரியனைப் பார்த்தார், அது ஏதாவது சொல்லுமோ என்று. தாவ் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இது எந்த ஊரு?"

"பட்டாயாம்மா" என்றாள் அந்தப் பெண், பாவமாக.

ஹுவா ஹின் இருந்தது. நேர் எதிரே. நடுவில் ஒரு வளைகுடா முழுசாகக் கிடந்தது.

செங் வாசலிலிருந்து ஓடி வந்தான். அவன் கையிலும் போன் கத்திக்கொண்டிருந்தது; அவனுடைய நிஜப் பயணி இன்னும் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். "பதிவுல ஒரே ஆள்னுதான் ஐயா இருந்தது. ரெண்டு பேரா வந்தீங்க. பெரியவங்களைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு…"

"கேட்டிருக்கலாமேப்பா" என்றாள் தாவ்.

"நீங்க கேட்டிருக்கலாமேம்மா" என்றான் செங், தலையைக் குனிந்துகொண்டு.

தாவ் புருஷன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "சம்பந்தி, மன்னிச்சுக்கணும். நாங்க பட்டாயாவுல இருக்கோம். இவருக்கு ஹுவா ஹின் தெரியாது. இதுவரைக்கும் வந்ததே இல்லை. வண்டி மாறி ஏறிட்டார்."

அந்தப் பக்கம் முக் அழ ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான். பிராயுன் கடிகாரத்தைப் பார்த்தார். உவான் ஐயா, இனி என்ன நடந்தாலும் தன்னால் தாங்க முடியாது என்பது போல ஒரு சோபாவில் உட்கார்ந்தார்.

"அழாதேம்மா" என்றார் பிராயுன், முக்கைப் பார்த்து. "வண்டி வரலேன்னா அறிவிச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கணும். ஸ்டேஷனை மூடிட்டா போறோம்? இன்னும் வெளிச்சம் இருக்கு. போன்லயே கேட்டுடறேன். சம்பந்தி, நீங்க தயாரா?"

ஐயா துள்ளி எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது. அது நிஜமான நீர்.

பிராயுன் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்த பெரியவர்கள் கைகூப்பினார்கள். "சபைக்கு வணக்கம். என் மகனுக்காக, இன்னாருடைய மகளைப் பெண் கேட்கிறேன்னு முழுப் பேர் சொல்லிக் கேக்கறதுதான் முறை. சம்பந்தி, உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

"புன்மா" என்றாள் முக்.

"இல்லை, அது மாத்தியாச்சு" என்றார் ஐயா. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. "தன…" என்று ஆரம்பித்தார். தாவைப் பார்த்தார். தாவ் கூரையைப் பார்த்தாள்.

சூரியனின் அடி தண்ணீரைத் தொட்டது.

பெண்ணைப் பெற்றவரின் பெயரை மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓட்டல் வரவேற்பு மேசையில் இருந்த பெண்தான் அட்டையைப் பார்த்து வாசித்துச் சொன்னாள். அவள் சரியாக வாசித்தாளா என்பது ஐயாவுக்கே தெரியவில்லை.