அவள் இல்லாத செவ்வாய்க்கிழமை

டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் தலைவலி, அப்புறம் பழகிவிடும். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனங்களுக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்தார்கள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது, பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார், யாரை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் அது முடிவு செய்யும். லிஃப்டை வைத்துப் பிழைக்கும் அந்தக் கம்பெனியில் லிஃப்ட் கிடையாது என்பது வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஜோக். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்குச் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது.

அவள் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்த வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. அதில் கெட்டிக்காரி. ஆனால் தப்பைச் சொல்லிவிட்டு யாராவது திருத்தட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை, தானே திருத்த ஆரம்பித்தாள். திருத்தித் திருத்தி, மெக்கானிக்குகளை அனுப்பும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்கு வந்தது. அதை முதலில் எழுதியவர் வேறு வேலைக்குப் போனபின், அதற்குள் நுழைந்து வழி தவறாமல் வெளியே வரத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அது மக்கர் பண்ணினால் எல்லாத் தலையும் அவள் மேசைப் பக்கம் திரும்பும். 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும், உறவுக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தாலும் போன் வரும். அலுத்துக்கொண்டே எடுப்பாள். அந்த அலுப்பில் ஒரு சுகமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனி வளர்ந்தது. எழுதுகிறவர்களை மேய்க்க ஒரு டீம் லீட் வேண்டும் என்று முதலாளி வெளியே ஆள் தேடுவதாகப் பேச்சு அடிபட்டது. அவள் நேரே அவருடைய கண்ணாடித் தடுப்புக்குள் போனாள்.

"வாம்மா, உட்காரு."

"சார், வெளியே ஆள் தேடுறீங்களாமே. என்னை ஏன் கேக்கலை?"

அவர் மழுப்பவில்லை. "உன்னை அங்கேயிருந்து எடுத்துட்டா அந்த இடத்துல யாரை வைக்கிறது? நீ லீவு போட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது."

"அப்போ நல்லா வேலை செஞ்சதுதான் தப்பா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா? நெலமை அப்படி இருக்கு."

வீட்டில் கணவன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். மருந்துக் கடையில் வேலை. எதையும் ஒழுங்காக அடுக்குகிற கை. அவள் நடந்ததைக் கொட்டித் தீர்த்தாள்.

"நீ இல்லாம அங்க ஒரு துரும்பும் அசையாதுன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவே?" என்றான்.

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"அவரு நெஜம்னே நம்பிட்டாரு."

அன்றைக்கு அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவன் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் முதலாளியிடம் போய், "ஆள் எடுக்கிறதைக் கொஞ்சம் தள்ளி வைங்க சார். நான் இல்லாமலே அது ஓடுற மாதிரி பண்ணிட்டு வந்து கேக்கறேன்" என்றாள். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வந்தவன் நெட்டை. மேசைக்கடியில் கால் கொள்ளாமல் எப்போதும் பக்கவாட்டில் திரும்பி உட்காருகிறவன். வேறு கம்பெனிகளில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, கேள்வி கேட்பான்.

"அக்கா, இது எதுக்கு இங்க இருக்கு?"

"அது வேணும்."

"எதுக்கு வேணும்?"

அவள் திரையைப் பார்த்தாள். அவளே எழுதிய வரிகள்தான்.

"எடுத்துட்டா என்ன ஆகும்?" என்றான்.

"தெரியாது. எடுத்துப் பாத்ததில்லை."

நெட்டை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று தோன்றியது. போகப்போக அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சில இடங்கள் கடினமாக இருந்தன, ஏனென்றால் விஷயமே கடினம். வேறு சில இடங்கள் கடினமாக இருந்ததற்குக் காரணம், அவள் ஒருத்தி மட்டுமே அங்கே நடமாடியது. தனக்குப் புரிந்தால் போதும் என்று வைத்த சுருக்கப் பெயர்கள், யாருக்கும் சொல்லாத குறுக்குவழிகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினாள். சொந்த அலமாரியை அடுத்தவர் முன்னால் காலி செய்வதைப் போலக் கூச்சமாக இருந்தது. சில நாள் நெட்டையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அவன் அதையும் பொறுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவான்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். காலையிலேயே ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் பக்கத்து நாற்காலியில், மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடிக்கவே இல்லை. கணவனைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு தடவை போன் பண்ணிப் பாருங்க, வேலை செய்யுதான்னு தெரியலை" என்றாள்.

"இப்ப எதுல பேசிட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அப்பா மற்றக் கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, போனையே பாத்துட்டிருக்கே?"

"ஆபீஸ்ல கூப்பிடுவாங்கப்பா."

"கூப்பிட்டாங்களா?"

"இல்லை."

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன? அந்த ஜன்னலைச் சாத்து, வெளிச்சம் கூசுது."

மறுநாள் அவள் ஆபீஸ் போனபோது நெட்டை உற்சாகமாக இருந்தான். "நேத்து ஒரு கூத்துக்கா. நம்மாளு ஊர்ல இருக்கிற அத்தனை மெக்கானிக்கையும் ஒரே கட்டடத்துக்கு அனுப்பிட்டான்."

'நம்மாளு' என்றால் மென்பொருள். போன இடமோ ஒரே ஒரு லிஃப்ட் இருக்கிற சின்னக் கட்டடம். மெக்கானிக்குகள் பெட்டியும் கையுமாகப் படிக்கட்டில் வரிசை கட்டி நின்றார்களாம். லிஃப்டையே கழற்றிக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று காவலாளி பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டாராம். நெட்டையும், தப்புக் கண்டுபிடிக்கும் அவளுடைய பழைய வேலைக்கு வந்திருந்த பெண்ணும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்துவிட்டார்கள்.

"தப்பு எங்க இருந்துச்சு?"

அவன் காட்டினான். தூரத்தைக் கணக்கிட அவள் ஒருகாலத்தில் மூளையைக் கசக்கி எழுதிய பகுதி. அதைத்தான் கம்பெனியிலேயே தன் சிறந்த வேலையாக நினைத்திருந்தாள். அவன் அதை அப்படியே தூக்கியெறிந்துவிட்டு, எளிமையாகச் சில வரிகள் எழுதி வைத்திருந்தான். அது சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொன்னீங்களே. அப்புறம்... தேவைப்படலைக்கா."

அவன் முகத்தில் சூதுவாது எதுவும் இல்லை. "நல்லா பண்ணியிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். டயர்க் கடை வாசலில் ஒருவர் பஞ்சர் பார்க்க ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். குமிழி வருகிறதா என்று அவளும் நின்று பார்த்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. ட்யூபை மாட்டி முடித்தபிறகு மேலே போனாள்.

அந்த வாரமே முதலாளி பதவியைக் கொடுத்தார். முதல் சில வாரங்கள் நாள் முடிந்ததும் என்ன செய்தோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கணவன் கேட்டால், "பேசினேன்" என்பாள். பழைய கை அரிப்பில் நெட்டை எழுதியதை ரகசியமாகத் திறந்து பார்ப்பாள். ஒரு நாள் அதைத் திருத்தக்கூடத் திருத்திவிட்டு, வெட்கப்பட்டு, பழையபடியே வைத்தாள்.

பிறகு பெரிய வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க முதலாளி அவளையும் கூட்டிக்கொண்டு போனார். எதிரில் இருந்தவர் புதிய வசதி ஒன்று கேட்டார், மாத முடிவுக்குள் வேண்டும் என்றார். முதலாளி வழக்கம்போலத் தலையை ஆட்டத் தொடங்கியபோது அவள் குறுக்கிட்டாள்.

"தேதியை வெள்ளிக்கிழமை சொல்றோம் சார். வேலை செய்யப்போறவங்களைக் கேக்காம நான் சொன்னா அது பொய்த் தேதியா போயிடும்."

வாடிக்கையாளரின் முகம் சுருங்கியது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார். திரும்பும் வழியில் முதலாளி, "எனக்கு அப்படிச் சொல்ல வராதும்மா" என்றார். பாராட்டா குறையா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

மேலே வந்து எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"முடியுமாக்கா?" என்றான் நெட்டை.

"நீ சொல்லு."

அவன் எழுந்து பலகையில் எழுத ஆரம்பித்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். முடியுமா முடியாதா என்பது உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.