வேறு பெயர் இருப்பின்

மூன்றாவது பரிந்துரைக் கடிதம் வரவேயில்லை என்று குமாஸ்தா அம்மா மறுபடியும் சொன்னபோது, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள் கைப்பையிலிருந்து கூரியர் ரசீதை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்பே கடிதம் இந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் சீலும் ரசீதில் தெளிவாக இருந்தன.

"இது யாரோட கையெழுத்து?"

குமாஸ்தா அம்மா ரசீதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "என்னோடதுதான்."

"அப்ப லெட்டர் எங்க? தின்னுட்டீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. 'சண்டை போடாம பேசிட்டு வா, நீ வாயத் தொறந்தா தெருவே திரும்பிப் பாக்கும்' என்று காலையில் அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கடவுளே, என் நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று பஸ்ஸில் அவளும் வேண்டிக்கொண்டுதான் வந்தாள். கடவுளுக்கு அதைவிட முக்கியமான வேலை ஏதோ இருந்திருக்க வேண்டும்.

சீனவியல் துறையின் போஸ்ட்டாக் ஆய்வாளர் இடம் ஒன்றே ஒன்று; ஒரு கடிதம் குறைகிறதென்று அவளுடைய விண்ணப்பத்தைத் தள்ளியிருந்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு ஐந்தாவது வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இந்த ஐந்து வருடமும் அக்கா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சீனாவிலிருந்து வரும் தையல் மிஷின்களின் விளக்கப் புத்தகங்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். 'ஊசியை மாற்றுமுன் மின்இணைப்பைத் துண்டிக்கவும்.' இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நாற்பது முறையாவது எழுதியிருப்பாள். "அவ்வளவு சைனா படிச்சதுக்கு செல்போன் ரிப்பேராவது கத்துக்கிட்டிருக்கலாம்" என்பார் அத்தான். அவர் நல்லவர். வேடிக்கையாகத்தான் சொல்வார். அதனாலேயே திருப்பி எதுவும் சொல்ல முடியாது.

"இரும்மா, தபால் பதிவேட்டப் பாக்கறேன்." குமாஸ்தா அம்மா தடிப் புத்தகத்தைத் திறந்து விரலால் தேதியைத் தேடினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "இதோ. இந்த லெட்டர்தான். ஆனா உங்க பேர்ல வரலியே."

அவள் எட்டிப் பார்த்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் இரண்டு சீன எழுத்துகள். எழுதியதல்ல, பார்த்து வரைந்தது. கோடுகள் கோணலாக இருந்தாலும் தப்பில்லை. முதலாவது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்கள்: காடு. இரண்டாவது, அமைதி.

அவளுடைய பெயர்தான். சீன மொழி படிக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே வாத்தியார் ஒரு சீனப் பெயர் வைத்துவிடுவார். அவளுடைய சீன ஆசிரியை பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவளைத் தமிழ்ப் பெயரால் கூப்பிட்டதில்லை. 'உன் சொந்தப் பேரைச் சொன்னா என் நாக்கு முடிச்சு விழுந்துரும்' என்பார். இப்போது ஓய்வுபெற்று சீனாவில் தன் ஊரோடு இருக்கிறார். ஈமெயில் கிடையாது. பரிந்துரைக் கடிதத்தைக் கையால் நாலு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்.

"லெட்டர் முழுக்க சைனா எழுத்தும்மா. எனக்கு என்ன தெரியும்? மேல பெரிசா இருந்த ரெண்டு எழுத்த, வந்திருந்த அப்ளிகேஷன்லாம் எடுத்து வச்சு ஒண்ணொண்ணாப் பொருத்திப் பாத்தேன். ஒருத்தங்களோட முதல் பக்கத்துலயே அச்சா அப்படியே இருந்துச்சு. அதுல சேத்தேன்."

அந்த ஒருத்தர் யார் என்று அவளுக்கு உடனே விளங்கியது. நோட்டீஸ் பலகையில் பார்த்திருந்தாள். போஸ்ட்டாக் இடம் கிடைத்தவர் சீனப் பெண். பிறவியிலேயே அந்தப் பெயர். சீனாவில் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஏழாவது கட்டம்" என்றாள். "'வேறு பெயர் இருப்பின்'னு ரெண்டாம் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதியிருக்கேன்."

குமாஸ்தா அம்மாவின் முகம் வெளுத்தது. "ரெண்டாம் பக்கம் நான் திருப்பலம்மா. என் தப்புதான். ஆனா சந்தேகமா இருக்குன்னு பென்சில்ல எழுதித்தான் இயக்குநர் சாருக்கு அனுப்பினேன். அவர்தானே படிக்கத் தெரிஞ்சவர்? 'சரி'ன்னு டிக் போட்டுத் திருப்பி அனுப்பிட்டார்."

இயக்குநரின் அறைக்கு அவள் அனுமதி கேட்டுவிட்டுப் போகவில்லை.

அவர் மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார். "உங்க ஆராய்ச்சி நல்லாத்தாம்மா இருந்துச்சு. பேப்பர் குறைஞ்சா நான் என்ன பண்றது?"

"தேர்வான பெண்ணுக்கு சீனாவுல இருந்து கையெழுத்து லெட்டர் ஒண்ணு வந்துச்சாமே, சார்?"

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா! கமிட்டியில நான்தான் வாசிச்சு அர்த்தம் சொன்னேன். எல்லாரும் அசந்துட்டாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எல்லையில காவல் நின்ன ஒருத்தன், குளிருக்குக் காலுறை கேட்டு வீட்டுக்கு மரச்சில்லுல எழுதியிருக்கான். சில்லு பாதி உடைஞ்சுபோச்சு. அழிஞ்சுபோன ஒரே ஒரு எழுத்துக்காக அந்தப் பொண்ணு நாலு மாசம் அலைஞ்சு, அது 'அம்மா'ங்கிற எழுத்துன்னு கண்டுபிடிச்சாளாம். அவன் எழுதினது பொண்டாட்டிக்கு இல்ல, அம்மாவுக்கு."

"சார், அது நான்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். இரண்டு கோப்புகளையும் வரவழைத்துப் புரட்டினார். ஏழாவது கட்டத்தில் அவர் பார்வை வெகுநேரம் நின்றது.

"அந்தப் பொண்ணோட ஆராய்ச்சி கோயில் மணிகளப் பத்தி, சார். நோட்டீஸ்லயே போட்டிருக்கு. லெட்டர் வேற எதையோ சொல்லுதேன்னு யாருக்குமே தோணலியா?"

"ஒருத்தர் ரெண்டு விஷயம் ஆராயக் கூடாதாம்மா?" என்றார். சொன்ன பிறகு அதன் அபத்தம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு குரலைத் தணித்தார். "நடந்தது நடந்துபோச்சு. அந்த இடத்த இனிமே மாத்த முடியாது. ஒண்ணு பண்ணுங்க. குமாஸ்தாவோட கவனக்குறைவுன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க. அவங்க தற்காலிகம்தான். அத வச்சு வருகைதரு ஆய்வாளரா ஒரு வருஷத்துக்கு உங்கள நான் எடுத்துக்கறேன். தனி அறை, நூலகம், எல்லாம் உண்டு."

ஒரு வருடம். தையல் மிஷின் இல்லாத ஒரு வருடம். அவளுடைய மனம் அந்த அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து மேஜையைக்கூட நகர்த்திப் போட்டுவிட்டது. பேனாவை எடுத்தாள். அவர் நீட்டிய வெள்ளைத் தாளில் தேதியையும் எழுதினாள். அப்புறம்தான் கை ஓடவில்லை. படிக்கத் தெரியாத ஒருத்தி, தெரியாத எழுத்தைக் கோடு கோடாகப் பார்த்து வரைந்திருக்கிறாள். சந்தேகம் என்று எழுதியும் வைத்திருக்கிறாள். கமிட்டியில் இத்தனை பேர் உட்கார்ந்திருந்தும், தன் பெயரை ஒழுங்காகப் பார்த்தது அந்த ஒருத்திதான். அவளைப் பார்த்தா தின்றுவிட்டீர்களா என்று கேட்டோம்? வெட்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கி வர, மளமளவென்று எழுதினாள்.

இயக்குநர் வாங்கிப் படித்தார். 'கடிதம் உரிய காலத்தில் வந்தது. குமாஸ்தா சந்தேகத்தைக் குறித்து அனுப்பினார். இயக்குநர் பார்க்காமல் ஒப்புதல் தந்தார். குழு என் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை.'

"இத வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அந்த ஒரு வருஷமும் போயிடும்."

"உங்ககிட்ட குடுக்க எழுதல, சார்" என்று தாளை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

வெளியே குமாஸ்தா அம்மா கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது கண்ணில் தெரிந்தது.

"தின்னுட்டீங்களான்னு கேட்டேன். மன்னிச்சுக்குங்க."

"விடும்மா. காலையில சாப்பிடாம வந்திருந்தேன். விட்டிருந்தா ரசீதையும் தின்னிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதிவாளர் ஆபீஸ் ஒரு மணிக்குச் சாத்திடுவாங்க. மேல்முறையீட்டுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். வாங்க." வெளியே கொண்டுபோகக் கூடாத தபால் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நடை சீக்கிரமே ஓட்டமானது.

அவர்கள் போனபோது பதிவாளர் அலுவலக ஜன்னலின் இரும்பு ஷட்டர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"மணி ஆயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"என் கடிகாரத்துல இல்ல."

ஷட்டர் மறுபடி இறங்கத் தொடங்கியது. குமாஸ்தா அம்மா பதிவேட்டை இவளிடம் தந்துவிட்டு, வளையலோடு வலது கையை அந்த இடைவெளிக்குள் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"கைய எடும்மா, நசுங்கிடும்!"

"நசுங்கட்டும்."

அவள் எடுக்கவில்லை. இரும்பின் விளிம்பு மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு வளையல் நெளிந்தது. இவள் தாளை மடித்து அந்த விரித்த உள்ளங்கையில் வைத்து, தன் கையையும் பக்கத்தில் உள்ளே நுழைத்து, ஷட்டரை மேலே தூக்கிப் பிடித்தாள். உள்ளே, யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.