இணைப்பு மட்டும் போதாது

1.

இந்தக் கதை ஒரு மூடப்பட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. மூடியது நான்தான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கணினி நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் ஓர் இணையதளத்தில் நான் சம்பளமில்லாத நடுவர். அங்கே ஒரு விதி. உங்கள் நிரல் வேறு தளத்தில் இருந்தால் இணைப்பைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சிக்கல் உள்ள பகுதியைக் கேள்விக்குள்ளேயே ஒட்டுங்கள். இணைப்பு மட்டும் இருந்தால் கேள்விப்பெட்டி ஏற்காது. அந்த விதியை எழுதியவளும் நானே. மூன்று வரி. அதற்காக ஏழு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் கணினியின் முன்" — வேண்டாம். மழையே இல்லை. ஞாயிறு மதியம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "அவளுக்கு முப்பது வயதிருக்கும், கண்களில் ஒரு" — இதையும் அடித்துவிட்டேன். கேள்வி கேட்டவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. தளத்தில் அவர் வைத்திருந்த பெயர் கோழிக்காரி. அவ்வளவுதான் தெரியும்.

"அக்கா, கதை எப்ப ஆரம்பிக்கும்?" தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் என் தங்கை கேட்கிறாள்.

"ஆரம்பிச்சாச்சுடி."

"யாருக்கும் சொல்லாமலா?"

3.

கோழிக்காரி எழுதியது, ஓர் எழுத்தும் மாற்றாமல்: "இன்குபேட்டர்ல அறுநூறு முட்டை. மூணாவது தொகுதி, எட்டாம் நாள். ஹீட்டர் எரியல, சூடு இறங்கிட்டே இருக்கு. மெஷினை அணைச்சா திரும்ப வருமான்னு பயமா இருக்கு. நானே எழுதின கோடு. இங்க பாருங்க." கீழே ஓர் இணைப்பு. (கோடு என்று அவர் சொல்வது நிரலை.)

கேள்விப்பெட்டி ஏற்கவில்லை. உடனே அவர், நிரல் ஒட்ட வேண்டிய இடத்தில் "கோடு கோடு கோடு கோடு" என்று தட்டிவிட்டார். பெட்டி ஏமாந்தது. நான் ஏமாறவில்லை. காரணத்தைக் குறிப்பிட்டு, யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடினேன்.

(இந்தத் தில்லுமுல்லை வாரத்துக்கு நாலு பேராவது செய்கிறார்கள். ஒருவர் தன் சமையலறைச் சாமான் பட்டியலை ஒட்டியிருந்தார். அதையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மூடினேன்.)

தங்கை அன்றும் பக்கத்தில்தான் இருந்தாள். "முட்டை ஆறிட்டு இருக்கு, நீ சட்டம் பேசிட்டு இருக்க. அந்த லிங்க்கைத் தட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"ஆமா, தேஞ்சுதான் போகும்" என்றேன்.

(இந்த வரியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னது சொன்னதுதான், இருக்கட்டும்.)

4.

நாற்பது நிமிடம் கழித்துக் கோழிக்காரி திரும்பி வந்தார். முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டிய குஞ்சு பொரிக்கும் பெட்டி முப்பத்திரண்டுக்கு வந்திருந்தது. "இந்தாங்க, உங்க சட்டம். இப்பவாவது பாருங்க" என்று எழுதியிருந்தார். கீழே பன்னிரண்டு வரி நிரல். எண்ணூறு வரியிலிருந்து வெட்டி வெட்டி எடுத்த பன்னிரண்டு வரி.

"ஒரு வரியில் பிழை இருந்தது" என்று சொல்லி நான் நகர்ந்துவிட முடியாது. என் விதி எனக்கும்தான். தமிழில் தருகிறேன்:

இப்போது > கடைசி + இடைவெளி என்றால், சூட்டைப் பார்.

இன்குபேட்டரை இயக்கும் அந்தச் சின்ன மின்பலகை, தொடங்கிய கணத்திலிருந்து நேரத்தை எண்ணிக்கொண்டே போகும். ஏறக்குறைய ஐம்பது நாளில் எண்ண இடமில்லாமல், பழைய ஸ்கூட்டரின் மீட்டர் போல, பூஜ்யத்துக்குத் திரும்பும். கோழி முட்டை பொரிய இருபத்தொரு நாள்; இரண்டு தொகுதி முடிந்து மூன்றாவதின் எட்டாம் நாள் என்றால், ஐம்பது. அப்போது 'கடைசி', அதாவது கடைசியாகச் சூடு பார்த்த நேரம், மலையளவு; 'இப்போது' கடுகளவு. எனவே சூட்டைப் பார்க்கும் வேளை வரவே வராது. வித்தியாசத்தை மட்டும் பார்த்தால், மீட்டர் திரும்பினாலும் பலகையின் கணக்கு பிசகாது. சரியான வரி:

இப்போது − கடைசி > இடைவெளி என்றால், சூட்டைப் பார்.

பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டேன். "பயப்படாம அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க, எரியும். அப்புறம் இந்த வரியை மாத்துங்க, மறுபடி நிக்காது" என்று எழுதினேன். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது: "எரியுது."

அன்று மாலை, சும்மா, அவர் கொடுத்த இணைப்பைத் தட்டினேன். 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. தன் சொந்தக் கணக்கின் பூட்டிய பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அவருக்கு மட்டும் திறக்கும், வேறு யாருக்கும் திறக்காது. நான் மூடாமல் விட்டிருந்தாலும் ஒருவரும் அந்த நிரலைப் பார்த்திருக்க முடியாது!

5.

இங்கே "என் விதிதான் அறுநூறு உயிரைக் காப்பாற்றியது" என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். தங்கை படித்தாள்.

"பூட்டியிருக்குன்னு மூடும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரி, அணைச்சுப் போடுங்கன்னு சொல்ல கோடு எதுக்கு? அதை முதல்லயே சொல்லியிருந்தா நாப்பது நிமிஷம் மிச்சம்."

"பார்க்காம எப்படிடி சொல்றது? அணைச்சு, திரும்ப வரலைன்னா?"

"வந்துதுல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். ஆனால் பெருமையை அடிக்க முடியவில்லை. கோழிக்காரி நிரலை வைத்திருந்த தளம் பிறகு இழுத்து மூடப்பட்டது. அந்தப் பன்னிரண்டு வரி மட்டும் எங்கள் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. மீன்தொட்டி வைத்திருப்பவர், பசுமைக்குடில்காரர், பள்ளிக்கூட மணி அடிக்கும் கருவி செய்தவர் என்று இதுவரை பத்தொன்பது பேர் அதைப் பார்த்துத் தங்கள் சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் நன்றி எழுதும்போதும் எனக்குத் தலைகால் புரிவதில்லை.

6.

முட்டைகள்?

எட்டாம் நாள் போக மீதி பதின்மூன்று. பதின்மூன்று நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசி நாள், நடுவர் என்ற கெத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, "பொரிஞ்சுதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

முடிவு ஒன்று: "ஐந்நூற்று எழுபது குஞ்சுகள், மஞ்சள் மஞ்சளாக" — எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை.

முடிவு இரண்டு: "அவள் பெட்டியைத் திறந்தாள். ஒன்றுகூட" — இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனவே முடிவை நீங்களே எழுதுங்கள். தேவையானதெல்லாம் மேலே இருக்கிறது: முட்டைகள், நாள், டிகிரி, நிமிடம், நான் பேசிய பேச்சு. எதையும் ஒளிக்கவில்லை. எனக்கு எதிராக வேண்டுமானாலும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. இங்கேயே எழுதுங்கள். வேறெங்கோ எழுதிவைத்து, இணைப்பை மட்டும் அனுப்பினால் மூடிவிடுவேன்.