பூவாடைக்காரிக்கு அழைப்பு

கலையரசன் எழுந்தான். மோட்டார் போட்டான். பல் விளக்கினான். குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்துவிட்டு, கல்லூரி விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தான். நாவல் பாடம். ‘ஊர்க்கிணறு எதன் குறியீடு? விளக்குக.’ சாதியின் குறியீடு என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். அவன் சொல்லிக்கொடுத்ததுதான். எல்லாருக்கும் மதிப்பெண் போட்டான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. வெள்ளைக்காரர்களுக்கு விட்டுப் பழகிய வீட்டுக்காரர் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்கவில்லை. அதற்காகவே ஓவியா இந்த அறையைப் பிடித்தாள். மூன்று வருடம் அவனோடு குடித்தனம் செய்தாள். போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள்.

மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போகக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினான். தங்கை கவியாவுக்கு இரண்டு வரன் தட்டிப்போய் மூன்றாவது கூடியிருந்தது. பூவோடும் பொட்டோடும் செத்தவளைப் பூவாடைக்காரி என்பார்கள். கல்யாணத்துக்கு முன் அவளைக் கிணற்றடியிலிருந்து கலசத்தில் அழைத்துவந்து, நடுவீட்டில் சேலை வைத்துப் படைக்க வேண்டும். அந்த வீட்டில் அப்படிச் செத்தவள் ஓவியா. அவளை அழைக்காததால்தான் வரன்கள் தட்டிப்போயின என்று அத்தை ஜோதியம்மாள் சொல்லிவிட்டாள்.

காலனிப் பெண் என்பதால் உயிரோடு இருந்தவரை ஓவியா அந்த நடுவீட்டைப் பார்த்ததில்லை. வந்த இரண்டு முறையும் மாட்டுக்கொட்டகை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி, பேப்பர் கப்பில் டீ. “டீ நல்லாதான் இருந்துச்சு, கப்புதான் ஊறிப்போச்சு” என்று திரும்பும்போது பஸ்ஸில் சிரித்தாள்.

அம்மா வெள்ளையம்மாள் புதுச்சேலையை விரித்துக் காட்டினாள்.

“அதுக்கு இன்னா கலர்டா புடிக்கும்?”

“பச்சை.”

“மஞ்சள் எடுத்துட்டனே.”

கிணற்றடியில் பம்பை முழங்கியது. கலசத்துக்குச் சேலை சுற்றி மல்லிகை வைத்தார்கள். “வாம்மா ஓவியா, உன் வூட்டுக்கு வாம்மா” என்று அம்மா மூன்று முறை அழைத்தாள். அந்தப் பெயரை அவள் வாயால் அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. ஜோதியம்மாளுக்கு அருள் வந்தது.

“எனக்கு மனக்கொற இல்லடி யம்மா! உன் பொண்ணுக்கு நான் தொணை இருக்கேன்!”

“பாத்து ஆடு அத்தை, இடுப்பு புடிச்சிக்கும்” என்று கவியா முணுமுணுத்தாள். அம்மா மண்ணில் விழுந்து அழுதாள். பொய் அழுகை இல்லை.

கலசத்தைப் புருஷன்தான் சுமக்க வேண்டும். நாவலில் வந்தால் இதற்கும் ஒரு கேள்வி கேட்கலாம். கையில் தண்ணீர் கனத்தது. வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான்.

“உள்ள வாடா” என்றாள் அம்மா, நடுவீட்டில் கற்பூரத் தட்டோடு. “அவளே மன்னிச்சிட்டா. கேட்டல்ல?”

“அது அத்தை சொன்னது.”

பம்பை நின்றது. “டேய், என் கல்யாணம்டா” என்றாள் கவியா, மெதுவாக.

“அப்ப அவ இன்னாதான்டா சொன்னா, கடைசியா?” என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரிக்கு அம்மா ஒரே ஒரு முறை வந்தாள். வார்டு வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். கண் மூடிக் கிடந்தவள் தன்னைப் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தாள்.

கலசத்தை இறக்காமல், ஓவியா சொன்னதை அப்படியே சொன்னான்.

“உங்கம்மா வெளியவே நிக்கறாங்க பாரு. உள்ள வரச் சொல்லு.”