ரைலியிடம் மட்டும் கேட்கவில்லை

"விடும்மா அதை," என்று ரைலியின் கையிலிருந்து சூப்புப் பாத்திரத்தைப் பிடுங்கினாள் எதிர்வீட்டு மெலாஹத் அக்கா. "மையத்து எடுக்கிற நாள்ல வீட்டுக்காரி அடுப்பு, பாத்திரம்னு நிப்பாளா? நாங்க எதுக்கு இருக்கோம்? போய் உட்காரு."

ரைலியால் உட்கார முடியவில்லை. விடியற்காலையில் மாமனார் ஷெவ்கெத்தின் மூச்சு நின்றதிலிருந்து அவள் எங்கும் உட்காரவில்லை. கட்டில் விரிப்பை உருவினாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். மருந்துப் பாட்டில்களை ஜன்னலோரம் அடுக்கினாள், பிறகு பையில் போட்டாள். நகராட்சி வண்டி வந்து, குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்ற அவரைக் கொண்டுபோன பிறகு செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லாமல் போயிற்று. சமையலறையை அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ரவையை வெண்ணெயில் வறுக்கும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. அல்வா கிளற ஒருத்தி, தேநீர்க் கிளாஸ் கழுவ ஒருத்தி, வாசலில் செருப்பை ஒழுங்கு செய்ய ஒருத்தி. வேலை என்று கேட்டு நின்றால் ஆளாளுக்கு அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து வேறு அறைக்கு அனுப்பினார்கள்.

போன் அடித்தது. புருஷன் தைலான். சரக்குக் கப்பலில் இன்ஜினியர், நடுக்கடலில் இருந்தான்.

"இறங்க வழியே இல்ல, ரைலி. கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். எனக்காகப் போட்டு வைக்காதீங்க. மதியத் தொழுகைக்கே எடுத்துடுங்க."

"சரி."

"நீ எப்படி இருக்க?"

"நடந்துக்கிட்டே இருக்கேன்."

அவன் அழுவது கேட்டது. அழுகையோடு கப்பல் இன்ஜின் இரைச்சலும் கேட்டது. "ரைலி, இமாம் கேட்கும்போது என் பங்குக்கும் நீயே சொல்லிடு. பொருந்திக்கொண்டேன்னு."

"சொல்றேன்," என்றாள். போனை வைத்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றுவதற்கு முன்னால் இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். இவர் உங்களுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்திருந்தால், உங்கள் மனம் நோகும்படி நடந்திருந்தால், அதையெல்லாம் மனம் பொருந்தி விட்டுக்கொடுத்தீர்களா? மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் 'பொருந்திக்கொண்டோம்' என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போகிறவருக்கு அது பாரம். துருக்கியில் இந்தப் பாந்திர்மா ஊரில் நாலு வருஷமாக எத்தனையோ ஜனாஸாவில் பெண்கள் வரிசையில் நின்று ரைலியும் அதைச் சொல்லியிருக்கிறாள், முகம் தெரியாத கிழவர்களுக்குக்கூட. இன்றைக்குத் தைலான் பங்குக்குச் சொல்லிவிடலாம். தன் பங்குக்குச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பொய் சொல்லி ஒருவரை மண்ணுக்குள் அனுப்பவும் பயமாக இருந்தது.

அவள் எதிர்பார்த்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இந்த ஜனங்கள் வார்த்தைக்குப் பஞ்சம் இல்லாதவர்கள். சமைத்தவளுக்கு 'உன் கை நல்லா இருக்கணும்' என்பார்கள். வேலை செய்கிறவனைக் கடந்து போனால் 'வேலை இலேசாகட்டும்' என்பார்கள். முடி வெட்டிக்கொண்டவனுக்கு ஒன்று, புதுச் சட்டை போட்டவனுக்கு ஒன்று, குளித்துவிட்டு வந்தவனுக்கு ஒன்று. தும்மினால் இரண்டு. ஃபின்லாந்தில் அவள் பிறந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரனோடு வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம். வந்த புதிதில் இங்கே இத்தனை ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல் திணறிப்போனாள். வழியில் கிடக்கும் பூனை தவிர எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஒரு மனிதர் மட்டும் அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள். சூப்பை வாயில் வைத்தால் "உப்பு பத்தல" என்பார். திருப்பிப் படுக்க வைத்தால் "அந்தத் தலகாணி இப்படி இல்ல" என்பார். 'உன் கை நல்லா இருக்கணும்' என்று ஹோட்டல் பையனுக்குச் சொல்கிற நாட்டில், அவளுடைய கை அவர் கண்ணில் படவே இல்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நாள் நெருங்கிவிட்டது என்று கிழவருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அனுப்பினார். காய்கறிக்கடை துர்சுன் வந்தார், மருந்துக்கடை நெர்மின் வந்தாள், மினிபஸ் ஓட்டுகிறவன் வந்தான், மெலாஹத் அக்கா வந்தாள். எல்லார் கையையும் பிடித்துக்கொண்டு, "என்னைப் பொருந்திக்கோங்க," என்று கேட்டார். ரைலி தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றாள். ஆட்கள் போன பிறகு தன்னைக் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு நாளும் நின்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"முக்காட்டை எடுத்துக்கோ," என்றாள் மெலாஹத் அக்கா. "நேரமாச்சு."

பள்ளிவாசல் முற்றத்தில் கடற்காற்று நிற்க விடாமல் அடித்தது. கல்மேடையில் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு இருந்தது. துணி பறக்காமல் இருக்க யாரோ ஓரங்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரைலி முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தாள். முக்காடு வழுக்கி வழுக்கி விழுந்தது. வருகிறவர்கள் எல்லாம் "உன் தலை நல்லா இருக்கணும்" என்று துக்கம் சொன்னார்கள். அவளும் பழக்கதோஷத்தில் நன்றி, நன்றி என்றாள்.

துர்சுன் தண்ணீர்க் குழாயடியில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"மருமகளே, இனிமே என் கடை போன் ஊமையாப் போயிடும்."

"ஏன்?"

"ஏனா? நீ வீட்டுப் படி இறங்கினா என் போன் அடிக்குமே! 'துர்சுன், வண்டி கிளம்பிடுச்சு. கூடையில மேலாப்புல இருக்கிறத எடுத்து வை. அடியில இருக்கிறதப் போட்டன்னு தெரிஞ்சா காலு வராட்டியும் தவழ்ந்து வருவேன்'னு கத்துவாரு. வியாபாரம் பாக்க விட்டதில்ல அந்த மனுஷன்."

ரைலி நடப்பதை நிறுத்தினாள். "என்ன வண்டி?"

"நீதான் வண்டி," என்றாள் பின்னாலிருந்து மருந்துக்கடை நெர்மின். அழுது சிவந்த கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரயில்வேயில இருந்தவர் இல்ல? ஆயுசு பூரா அதானே வேலை. ரயில் இந்த ஸ்டேஷனை விட்டா அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, கிளம்பிடுச்சு, லைனைக் காலியா வைன்னு சொல்லணும். துர்சுன் மாமா கடையிலேர்ந்து நீ கிளம்பினா இவரு உன் மாமனாருக்குச் சொல்லுவாரு, அவரு உடனே எனக்குப் போடுவாரு. 'நெர்மின், நம்ம பொண்ணு வருது. மழைல நிக்க வைக்காதே, மருந்தை எடுத்து ரெடியா வை, ஒரு நாற்காலி போடு.' மினிபஸ்காரன் நம்பரும் வச்சிருந்தாரு."

மினிபஸ்ஸில் முன் இருக்கை எப்போதும் அவளுக்காகக் காலியாக இருக்கும். நனைந்துகொண்டு போனால் நெர்மின் துண்டோடு நிற்பாள். துர்சுன் கடையில் கேட்காமலே நல்ல அத்திப்பழம் பையில் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையிடம் போனில் இதையெல்லாம்தான் ரைலி வாய் ஓயாமல் சொல்வாள். இந்த ஊர் ஜனங்களைப் போல எங்கும் கிடையாது, வெளிநாட்டுக்காரி என்று ஒரு முகச்சுளிப்பு இல்லை, வரப்போவது முன்கூட்டியே தெரிந்த மாதிரி காத்திருக்கிறார்கள் என்பாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் நான் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பாள். அவள் வாசலில் ஷூ மாட்டும்போதே உள்ளே கிழவர் போனில் கத்த ஆரம்பித்துவிடுவார். நான் வெளியே போவதில் இவருக்கு எவ்வளவு கொண்டாட்டம் பார், கூட்டாளிகளோடு அரட்டை ஆரம்பித்துவிட்டார் என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ நீங்க எல்லாரும் அவர் சொன்னதுக்காகத்தான்..."

"இது நல்லா இருக்கே!" துர்சுன் ஈரக்கையை உதறினார். "அவர் சொல்லலைன்னா உனக்கு அழுகல் தக்காளியா போட்டிருப்பேன்? இருபது வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி உனக்கும் நல்லதாத்தான் குடுத்திருப்பேன். அதைத்தான் நானும் அவர்கிட்ட சொன்னேன். யோவ் ஷெவ்கெத், அந்தப் பொண்ணுகிட்டயே ரெண்டு நல்ல வார்த்தை சொல்லேன்யா, எங்க உசிரை எதுக்கு வாங்குறன்னு."

"என்ன சொன்னார்?"

துர்சுன் சுற்றும்முற்றும் பார்த்தார். "போன வாரம் என்னைப் பொருந்திக்கச் சொல்லி கூப்பிட்டாரே, அன்னிக்குக் கேட்டேன். மருமககிட்ட கேட்டியான்னு. ரெண்டு நாளா முயற்சி பண்றேன், வாய் வரலைன்னாரு. 'அவ கதவு திறந்து விடுறவனுக்குக்கூட நன்றி சொல்றவ. நான் கேட்டா உடனே சரின்னுடுவா. எம் மலத்தை அள்ளின பொண்ணு துர்சுன், அதை ஒரு சரியில தீர்த்துக்கிட்டுப் போறது எனக்கு வெக்கமா இருக்கு'ன்னாரு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அதுக்கப்புறம் நான் என்ன பேச?"

பாங்கு ஒலித்தது. ஆண்கள் உள்ளே போனார்கள். பெண்கள் முற்றத்து ஓரத்தில் நின்றார்கள். ரைலி மறுபடி நடந்தாள். நாலு வருஷமாக அந்தக் கிழவரை அவள் மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. ஊரெல்லாம் நன்றி சொல்லித் தீர்த்தவள் அந்தக் கட்டிலருகே ஒரு நாளும் சொன்னதில்லை. மனிதர் பேச்சில் கஞ்சன் என்று நினைத்திருந்தாள். யார் கஞ்சன் என்று இப்போது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

தொழுகை முடிந்து வெளியே வந்தார்கள். ஜனாஸாத் தொழுகையும் நின்றபடியே முடிந்தது. இமாம் சின்ன வயசுக்காரர். காற்றில் குரல் போய்விடக் கூடாதென்று உரக்கக் கேட்டார்.

"இவரை எப்படி அறிஞ்சிருந்தீங்க?"

"நல்லவரா அறிஞ்சிருந்தோம்," என்றது கூட்டம்.

"இவர் மேல உங்களுக்கு இருக்கிறதை எல்லாம் பொருந்திக்கொண்டீங்களா?"

"பொருந்திக்கொண்டோம்."

ரைலி வாயைத் திறந்தாள். வரவில்லை. மெலாஹத் அக்கா அவள் முழங்கையை இடித்தாள்.

"பொருந்திக்கொண்டீங்களா?"

"பொருந்திக்கொண்டோம்."

தைலானின் பங்கு மட்டும் முணுமுணுப்பாக வெளியே வந்தது.

"பொருந்திக்கொண்டீங்களா?"

"பொருந்திக்கொண்டோம்," என்று கூட்டம் சொல்லி முடித்து, ஆட்கள் சந்தூக்கை நோக்கி நகரத் தொடங்கிய பிறகு, "பொருந்திக்கொண்டேன்," என்று பெண்கள் பக்கத்திலிருந்து தனியாக ஒரு குரல் கேட்டது. உச்சரிப்பிலேயே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தலைகள் திரும்பின. ரைலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"இமாம், அவருக்கு என் மேல இருக்கிறதைப் பொருந்திக்கச் சொல்லி யார்கிட்ட கேக்கிறது?"

இமாம் திகைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் ஊரில் இதற்கு ஒரு வார்த்தை இல்லை. அவர் பெரியவர்களைப் பார்த்தார், பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். "அவருக்காக துஆ செய்ங்கம்மா," என்றார் கடைசியில், மெதுவாக.

அதற்குள் சந்தூக்கு மேடையிலிருந்து எழும்பிவிட்டது. இந்த ஊரில் பிணத்தைச் சுமக்க ஆள் தேட வேண்டியதில்லை. வழியில் போகிறவன்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து நாலடி தோள் கொடுத்துவிட்டுப் போவான். முண்டியடித்துக்கொண்டு கைகள் நீண்டன. ஆனால் முன்பக்கம் வலது மூலைக்கு யாரும் வரவில்லை. அது மகன் நிற்கிற இடம். துர்சுன் தன் தோளை நடுவில் கொடுத்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தார், பிறகு ரைலியைப் பார்த்தார்.

"வாம்மா," என்றார்.

"பொம்பளையா?" என்றது ஒரு குரல்.

"தைலான் கடல்ல இருக்கான். நீ வேணா போய்க் கூட்டிட்டு வர்றியா?" என்றாள் மெலாஹத் அக்கா. இமாம் சந்தூக்கின் முன்னால் போய்த் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ரைலி தோளைக் கொடுத்தாள். அவள் அந்த ஆண்கள் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். நிமிர்ந்ததும் சந்தூக்கு அவள் பக்கம் தூக்கிக்கொண்டு, உள்ளே இருந்தவர் இடது பக்கம் சரிகிற சத்தம் கேட்டது. "மெல்ல, மெல்ல," என்றார்கள் பின்னாலிருந்து. அவள் முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, சந்தூக்கு மட்டத்துக்கு வரும் வரைக்கும் தணிந்தாள். கடைத்தெருவில் ஷட்டர்களைப் பாதி இறக்கிவிட்டு ஆட்கள் வாசலில் எழுந்து நின்றார்கள். தோளை மாற்றிக்கொள்ள ஒவ்வொருத்தராக வந்து அவளிடம் கேட்டார்கள். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, மடக்கின காலோடு, மேடேறி நடந்துகொண்டே இருந்தாள்.